சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்த சண்டை

சிஞ்ஞோரா வீட்டில் குத்துச்சண்டை பார்ப்பதற்கு ஒரே ஒரு சட்டம்தான். முதல் மணி அடித்ததும் டிவியின் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும். பன்னிரண்டு சுற்றும் முடிந்து, தீர்ப்பு வாசிக்கிற மனிதர் மைக்கோடு மேடையில் ஏறும்போதுதான் திரும்பக் கூட்டலாம். நடுவில் யாராவது ரிமோட்டைத் தொட்டால் என்ன நடக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, அந்த முகத்தைப் பார்த்தாலே போதும்.

சிஞ்ஞோரா என்று நான் சொல்வது இத்தாலியின் பலெர்மோ நகரில் பதினாறு வருடமாக நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மாவை. வீடு லிபெர்த்தா வீதியில், நான்காம் மாடி. நான் இருப்பது அல்பெர்கேரியாப் பகுதியில். காலையில் நடந்தே போய்விடுவேன். கூட்டித் துடைப்பது, சமைப்பது, துணி அயன் பண்ணுவது, கடைசி இரண்டு வருடமாகக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, இவ்வளவும் என் வேலை. அவர் கல்யாணம் செய்யவில்லை. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவர். சாட்சி என்ன சொன்னாரோ அதை மட்டும் எழுதுவது, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது, அதுதான் அவர் வாழ்க்கை முழுக்கச் செய்த தொழில். வீட்டிலும் அதே குணம்தான். "கறி நல்லாயிருக்கு" என்று அவர் சொன்னால் அன்றைக்குக் கறி உண்மையாகவே நன்றாக இருக்கும். இல்லாவிட்டால் பேசாமல் சாப்பிடுவார்.

நாங்கள் இருவரும் கதைப்பது இத்தாலியனில். ஆனால் அவர் சொன்னவையெல்லாம் என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கிடக்கின்றன. அது எப்படி நடந்தது என்று எனக்கே தெரியாது. ஞாபகத்தில் இருக்கிறபடியே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கேட்டுவிட்டேன், இவ்வளவு படித்த மனுசி இந்த அடிதடியை ஏன் பார்க்கிறார் என்று.

"கோட்டிலை ரெண்டு பேர் அடிபட்டால் தீர்ப்பு வர எட்டு வருசம் போகும்," என்றார். "இஞ்சை ஒரு மணித்தியாலத்திலை முடிஞ்சிடும். அதோடை, அடி வாங்கினவன் தான் அடி வாங்கேல்லை எண்டு சொல்லேலாது."

சண்டை நடக்கும் நேரத்தில்தான் நான் அயன் பண்ணுவேன். இது நாங்களாக அமைத்துக்கொண்ட ஒழுங்கு. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கிற சண்டை இங்கே விடியப்புறம் வரும். அவர் அதற்கு எழும்பமாட்டார். முடிவு காதில் விழாமல் கவனமாக இருந்து, மறு ஒளிபரப்பைப் பகலில் பார்ப்பார். ஒரு சுற்று மூன்று நிமிடம், எனக்கு ஒரு தலையணை உறைக்குச் சரியாக இருக்கும். இடைவேளை ஒரு நிமிடம், அதில் மடித்து வைப்பேன். பெரிய சண்டை என்றால் விரிப்புகள் வரை முடிந்துவிடும். அவர் கட்டம் போட்ட கொப்பியில் புள்ளி எழுதுவார். சுற்றை வென்றவனுக்குப் பத்து, தோற்றவனுக்கு ஒன்பது. விழுந்தவனுக்கு எட்டு. யாருமே விழாவிட்டால் சுற்றுக்குப் பத்தொன்பது, பன்னிரண்டு சுற்றுக்கும் இருவரின் புள்ளியையும் சேர்த்தால் இருநூற்று இருபத்தெட்டு. கடைசியில் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை மூடுவார். பிறகு சத்தத்தைக் கூட்டி, புள்ளி போட்ட மூன்று நடுவர்களின் கணக்கைக் கேட்பார். ஒத்துப்போனால் தலையை ஆட்டுவார். ஒத்துப்போகாவிட்டால், நடுவர்களுக்குக் கண் டாக்டரின் விலாசம் அனுப்பவேண்டும் என்பார்.

அந்தப் பகிடியை அவர் விட்டு இப்போது இரண்டு வருடமாகிறது.

சத்தத்தை ஏன் நிறுத்துகிறார் என்பது எனக்கு விளங்க ஒரு வருடம் பிடித்தது. காசு கட்டிப் பார்க்கிற டிவி சனல்கள் இரண்டு. ஒவ்வொன்றும் தனக்கென்று சண்டைக்காரர்களை ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது. ஒரே எடையில் இரண்டு சம்பியன்கள். ஒருவன் இடக்கையன், முதல் சனலின் ஆள். மற்றவன் நெட்டையன், இரண்டாவது சனலின் ஆள். இரண்டு சனலும் தன் ஆள்தான் உலகத்திலேயே கெட்டிக்காரன் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தன. மற்றவனின் பெயரை மறந்தும் எடுப்பதில்லை. அப்படி ஒரு மனிதன் பூமியில் பிறக்கவே இல்லை என்பதுபோல இருப்பார்கள். சண்டைக்கு முன்னால் ஒரு மணி நேரம் தங்கள் ஆளைப் பற்றிப் படம் போடுவார்கள். அவன் பனிக்குள் ஓடுவான், தாயைக் கட்டிப்பிடிப்பான், பழைய வீட்டைக் காட்டிக் கண் கலங்குவான். எதிரே நிற்கப்போகிறவனுக்கும் ஒரு தாய் இருப்பாள்தானே, அவளைக் காட்டமாட்டார்கள்.

சண்டை தொடங்கினால் இன்னும் மோசம். ஒருநாள் சிஞ்ஞோரா எனக்குச் செய்தே காட்டினார். முதல் சுற்றைச் சத்தத்தோடு பார்க்கச் சொன்னார். வர்ணனைக்காரர் மூச்சுவிடாமல் இடக்கையனைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அயன்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் வாயைப் பிளந்து கேட்டேன். பிறகு அதே சுற்றைச் சத்தமில்லாமல் போட்டார். இடக்கையனின் குத்துகளில் பாதி காற்றில்தான் போயின. அவன் வாங்கியவற்றைப் பற்றி வர்ணனையில் ஒரு சொல்கூட வந்திருக்கவில்லை.

"இடைவேளையிலை திருப்பிக் காட்டுறாங்களே, அதைப் பார்," என்றார். "தங்கடை ஆள் அடிச்சதை மட்டும்தான் திருப்பிக் காட்டுவாங்கள். பொய் சொல்லேல்லை. தெரிஞ்செடுக்கிறாங்கள். கோட்டிலை நல்ல வக்கீலுகள் செய்யிற வேலை."

எனக்கு இது அவ்வளவு புதிதில்லை. இந்த ஊரில் எங்கள் ஆட்களுக்கும் இரண்டு சங்கம் இருந்தன. இரண்டு பக்கத்தாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பொங்கல் விழா வைப்பார்கள். இங்கே பாடிய பிள்ளை அங்கே பாடப்படாது. இரண்டு மேடையிலும் முதல் பரிசு உண்டு. எது பெரிய முதல் பரிசு என்று கேட்டால் சண்டைதான் வரும். இதைச் சிஞ்ஞோராவுக்குச் சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அந்த இரண்டு சம்பியன்களும் எப்போது மோதுவார்கள் என்பதுதான் அவருக்கு இருந்த பெரிய கவலை. தனக்கு விருப்பமான ஆள் என்று யாரும் இல்லை என்பார். அதை நான் நம்பவில்லை. இடக்கையன் சண்டை பிடிக்கிற நாளில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொள்வார். அவனைப் பதினெட்டு வயதில் இருந்து பார்த்து வருகிறவர். ஆனால் சனல்கள் விடவில்லை. எந்தச் சனலில் காட்டுவது, யாருடைய பெயர் முதலில் வருவது, யாருடைய வர்ணனைக்காரர் கதைப்பது என்று வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை. தோற்றால் வைத்திருக்கிற சரக்கின் விலை போய்விடும் என்ற பயம்தான் இரண்டு பக்கமும். இரண்டு பேருக்கும் பலவீனமான ஆட்களாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஒரு சனல் குத்துச்சண்டையே வேண்டாமென்று ஒதுங்கியது. அதன் ஆளை இணையத்தில் வருகிற புது நிறுவனம் ஒன்று வாங்கியது. ஒதுங்கியது திரும்பி வரலாமென்று சிஞ்ஞோரா மூன்றுக்கும் சந்தா கட்டினார். சோபாவின் கையில் மூன்று ரிமோட் வரிசையாகக் கிடந்தன. தூசி துடைக்கும்போது இடம் மாற்றி வைத்தால் எனக்கு ஏச்சு விழும்.

என் அப்பா இறந்த கதையை இந்த இடத்தில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

ஒரு வெள்ளிக்கிழமை ஊரில் இருந்து அண்ணன் ஃபோன் எடுத்தார். "அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமையாக் கிடக்கு, ஆஸ்பத்திரியிலை வச்சிருக்கினம். நீ யோசியாதை," என்றார். அப்போது என் பெர்மெஸ்ஸோ, இங்கே இருப்பதற்கான அனுமதிப் பத்திரம், புதுப்பிக்கக் கொடுத்துக் கிடப்பில் இருந்தது. நினைத்தவுடன் வெளிக்கிட முடியாது. எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிய பெல்லெக்ரீனோ மலையில் செருப்பில்லாமல் ஏறினேன். சைவக்காரன்தான், ஆனால் அந்த மலைக் குகையில் இருக்கிற கத்தோலிக்கப் புனிதையிடம் இந்த ஊர்த் தமிழர் எல்லாரும் கேட்பார்கள். அப்பாவின் உயிரைக் கேட்டு மெழுகுதிரி கொளுத்திவிட்டு இறங்கினேன். வீட்டு வாசலில் மனைவி அழுதுகொண்டு நின்றாள். அப்பா வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விட்டார். சனிக்கிழமை எரித்துவிட்டார்கள். நான் மலையேறிக் கேட்டது சாம்பலாகிவிட்ட ஒருவரின் உயிரை.

"நீ அங்கை தனிய இருந்து என்ன செய்வாய் எண்டுதான் சொல்லேல்லை," என்றார் அண்ணன். அன்பில் செய்ததுதான். எங்களில் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள். சாவை உடனே சொல்வதில்லை. முதலில் கடுமை என்போம், சாப்பிடட்டும் என்போம், நித்திரை கொண்டு எழும்பட்டும் என்போம். ஆனால் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போய், அயன்பெட்டியை அழுத்தி அழுத்தி ஒரு தலையணை உறையைக் கருக்கிவிட்டேன். சிஞ்ஞோரா வந்து பெட்டியின் வயரைக் கழற்றினார். என்ன நடந்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். இது எங்கள் வழக்கம் என்றும் சொன்னேன்.

"வழக்கமோ என்னவோ," என்றார். "உன்ரை அண்ணன் உன்ரை ரெண்டு நாளைக் களவெடுத்திட்டான்."

மூன்று மாதம் நான் அண்ணனோடு கதைக்கவில்லை. ஆறுதலாக அந்த வார்த்தையைத்தான் வைத்திருந்தேன்.

இனி அவர் கண். முதலில் ஒரு கண்ணில் நேர்கோடுகள் வளைந்து தெரிந்தன. ஜன்னல் கம்பி நெளிகிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு பார்வையின் நடுப்பகுதி மட்டும் மறையத் தொடங்கியது. ஊசி போட்டார்கள். ஒரு கண் போய்விட்டது, மற்றதில் மங்கல். டிவியில் மேடையின் கயிறு தெரியும், ஓரத்தில் சனம் தெரியும். நடுவில் சண்டை பிடிக்கிற இரண்டு பேரையும் காணவில்லை என்பார். முகத்தைச் சரித்துப் பார்த்தால் இரண்டு நிழல் அசைவது தெரியும், எது யாருடையது என்று தெரியாது. அப்படி இருக்கும்போதுதான் செய்தி வந்தது. இரண்டு பக்கமும் பேசி முடித்துவிட்டார்கள், இடக்கையனும் நெட்டையனும் மோதப்போகிறார்கள்.

"ஆறு வருசம் பிந்திப் போச்சு," என்றார். "அவங்களுக்கு வயசு போயிட்டுது. எனக்குக் கண் போயிட்டுது."

அன்றைக்கே அவர் இன்னொன்றும் சொன்னார். மிச்சக் கண்ணும் போகப்போகிறது என்று டாக்டர் எப்போதாவது சொன்னால், அதைத் தனக்கு அதே நாளில் சொல்லவேண்டும். கண் இருக்கும்போதே பார்க்கவேண்டியவை சில இருக்கின்றன. சிறுவயதில் தகப்பன் கூட்டிப்போன ஸ்ஃபெர்ராகவால்லோவின் கடற்கரை, அலுமாரிக்குள் கிடக்கும் படங்கள், தன் கையெழுத்தில் எழுதிவைக்க வேண்டிய ஒன்றிரண்டு விஷயம். "அதுக்கு நாள் வேணும்," என்றார். "ஓம் சிஞ்ஞோரா," என்று சொன்னேன்.

சண்டைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணில் மருந்து விட்டுச் சிஞ்ஞோராவை உள்ளே இருத்தியிருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து, குடும்பமா என்று என்னைக் கேட்டார். சிஞ்ஞோராவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஓம் என்றேன். இனி ஊசியால் பயனில்லை, மற்றக் கண்ணும் சில வாரங்களில் அப்படியே ஆகிவிடும், தனியே வைத்திருக்கவேண்டாம் என்றார். அவரிடம் மெல்லச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது சிஞ்ஞோரா கேட்டார். "என்னவாம்?"

"முந்தின மாதிரித்தானாம். அடுத்த மாசம் திரும்பப் பாப்பமெண்டவர்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் என்னால் நேர்மையாகச் சொல்லமுடியும். ஞாயிற்றுக்கிழமை சண்டை இருக்கிறது. மனுசி அதைச் சந்தோசமாகப் பார்க்கட்டும், திங்கட்கிழமை சொல்லலாம். சாப்பிடட்டும் பிறகு சொல்லலாம் என்கிற அதே கணக்கு. அண்ணனின் ஞாபகம் அப்போது எனக்கு வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, சண்டை உள்ள ஞாயிறுகளில் மட்டும் போவேன். "சிஞ்ஞோராவோடை சேந்து நீங்களும் ஒரு ரவுடியாப் போட்டியள்," என்று சொல்லிக்கொண்டே மனைவி கோப்பி தந்தாள். வீட்டில் யாரும் முடிவைச் சொல்லக்கூடாது என்று முதல் நாளே உத்தரவு போட்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள்தான் சிஞ்ஞோராவின் டிவியில் புது நிறுவனத்தின் செயலியைப் போட்டுக் கொடுத்தவள். அவள் ஃபோனைப் பார்த்தபடி வந்து, என்னைக் கண்டதும் கையால் வாயைப் பொத்தினாள். "ஸ்கூசா அப்பா, நான் ஒண்டும் சொல்லேல்லை!" நான் அவள் முகத்தையும் பார்க்காமல் வெளிக்கிட்டேன். பல்லரோ சந்தைக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போனேன். அங்கே தக்காளி விற்கிறவர்களுக்கு எல்லாச் செய்தியும் தெரியும், எல்லாவற்றையும் கத்திச் சொல்வார்கள்.

பதினொரு மணிக்குத் தொடங்கினோம். வெளிச்சம் உறுத்துகிறது என்று ஜன்னல் பலகைகளைச் சாத்தியிருந்தார். அயன் மேசையை விரித்தேன். சிஞ்ஞோரா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். கையில் கொப்பி இல்லை, பெரிய வெள்ளைத் தாளும் தடித்த கறுப்புப் பேனாவும். ஓர் அங்குல உயரத்தில் எழுதினால் அவருக்கு ஓரக்கண்ணால் தெரியும். மேடையின் விரிப்பில் இரண்டு நிறுவனங்களின் சின்னமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வர்ணனைக்கும் இரண்டு பக்கத்து ஆட்களையும் ஒரே மேசையில் இருத்தியிருந்தார்கள். கலியாண வீட்டில் கோபக்காரச் சம்பந்திகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"நான் எழுதுறன், நீ பார்," என்றார் சிஞ்ஞோரா. "நீ சாட்சி. சாட்சி கண்டதைச் சொல்லவேணும். மிச்சம் என்ரை வேலை."

மணி அடித்தது. சத்தத்தை நிறுத்தினேன்.

முதல் இரண்டு சுற்றும் இடக்கையனுக்கு. அதைச் சொல்ல எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. "உள்ளுக்கை போறான், விலாவிலை ரெண்டு, வெளியிலை வந்திட்டான்." சிஞ்ஞோரா கையை மடக்கிக்கொண்டு கேட்டார். மூன்றாவது நெட்டையனுக்கு. அதையும் அப்படியே சொன்னேன். நான்காவதில் நெட்டையனின் நீட்டிய கை இடக்கையனின் முகத்தைவிட்டு விலகவே இல்லை. இடக்கையனின் கால் கனத்துப்போய்விட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் இந்தக் குத்துக்கெல்லாம் குனிந்து தப்பியிருப்பான்.

"என்ன, பேசாமல் நிக்கிறாய்?" என்றார். "அவன் என்ன செய்யிறான்?"

அவன் என்றால் யார் என்று கேட்கத் தேவையில்லை. அவர் முகம் டிவிக்குப் பக்கவாட்டில் சரிந்து, சுவரைப் பார்த்தபடி இருந்தது. சின்னப் பிள்ளை கதை கேட்கிற முகம். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"வாங்கினதுக்குத் திருப்பிக் குடுக்கிறான்," என்றேன். "கடைசி நிமிசம் முழுக்க அவன்தான்."

பத்து, ஒன்பது என்று எழுதினார். இடக்கையனுக்குப் பத்து.

ஒருமுறை சொன்னபிறகு அடுத்தது சுலபமாக வந்தது. ஐந்தாவது உண்மையிலேயே இடக்கையனுக்கு. ஆறாவது நெட்டையனுக்கு, அதைச் சரியாகச் சொன்னேன். எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னால் நம்பமாட்டார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வெட்கமாக இருக்கிறது இதை எழுத. ஏழாவதை மாற்றினேன். எட்டாவது நெட்டையனுக்கு, அதை மாற்றவில்லை. அயன்பெட்டி சூடாக நின்றபடியே நின்றது, அன்றைக்கு ஒரு தலையணை உறைகூட மடிபடவில்லை.

ஒன்பதாவது சுற்றில் நெட்டையனின் வலக்கை குறுக்கே வந்தது. இடக்கையன் நின்ற இடத்திலேயே விழுந்தான். மேடையில் நின்ற நடுவர் அவன் முகத்துக்கு நேரே விரல்விட்டு எண்ணினார். எழும்பிவிட்டான், ஆனால் கண் எங்கேயோ பார்த்தது.

"என்ன அது? ஏதோ கீழை போன மாதிரிக் கிடக்கு," என்றார் சிஞ்ஞோரா. கயிற்றுக்குக் கீழே நிழல் இறங்கியது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"வழுக்கிட்டுது," என்றேன். "தண்ணி ஊத்துண்ட இடத்திலை காலை வச்சிட்டான். இந்த ரவுண்டு நெட்டையனுக்குத்தான்."

பத்தாவதையும் மாற்றினேன். பதினொன்று நெட்டையனுக்கு. கடைசிச் சுற்றில் இடக்கையன் எங்கிருந்தோ பலத்தை எடுத்துக்கொண்டு வந்து சண்டை பிடித்தான். அதை நான் உண்மையாகவே கத்திச் சொன்னேன், எனக்கே கண் கலங்கிவிட்டது. சிஞ்ஞோரா கைதட்டினார். பிறகு தாளை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் கூட்டினார். இடக்கையனுக்கு நூற்றுப் பதினைந்து, நெட்டையனுக்கு நூற்றுப் பதின்மூன்று. சேர்த்து இருநூற்று இருபத்தெட்டு. பேனாவை மூடினார்.

"சத்தத்தைப் போடு," என்றார்.

போட்டேன். போடாமல் விட வழி இருந்ததா என்று பிறகு நிறைய யோசித்தேன். ரிமோட் வேலை செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு தூரம் போயிருந்தால் நான் எங்கே போய் நின்றிருப்பேனோ தெரியாது.

தீர்ப்பு வாசிக்கிறவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒரு நடுவர் நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினொன்று. இன்னொருவர் நூற்றுப் பதினேழு, நூற்றுப் பத்து. மூன்றாமவர் திரும்பவும் நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினொன்று. மூன்று பேருக்கும் வென்றவன் நெட்டையன்.

நடுவர்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். நானே அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். உதடு அசைந்தது. கூட்டிக்கொண்டிருந்தார்.

"நூத்திப் பதினாறும் நூத்திப் பதினொண்டும் இருநூத்தி இருபத்தேழு," என்றார். "நூத்திப் பதினேழும் நூத்திப் பத்தும் அதுவும் இருநூத்தி இருபத்தேழு. மூண்டு பேருக்கும் ஒரு புள்ளி குறையுது. ஒருத்தன் விழுந்திருக்கிறான்."

டிவியில் யாரோ யாரையோ தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"எந்த ரவுண்டு?" என்று கேட்டார்.

"ஒம்பது," என்றேன்.

"வேறை?"

"நாலு. ஏழு. பத்து."

பேனாவைத் திறந்து, அந்த நான்கு வரியையும் வெட்டினார். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக எழுதினார். அவசரப்படவில்லை. நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினொன்று. இரண்டு நடுவர்களோடு ஒத்துப்போனார், கண் தெரியாமலே. தாளை மடியில் வைத்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். கவலைப்படுவீர்கள் என்று நினைத்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது என் அண்ணனின் குரல் மாதிரி என் காதில் விழுந்தது.

"நீயும் ஒரு சனல்தான்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "என்னை உன்ரை ஆள் எண்டு பிடிச்சு வச்சிருக்கிறாய். எனக்கு அடி விழுந்தால் அதை மட்டும் திருப்பிக் காட்டமாட்டாய்."

அவர் முகத்தை மெல்லத் திருப்பினார். என்னை நேரே பார்த்தால் நான் மறைந்துவிடுவேன் என்பதால், என்னைப் பார்ப்பதற்காக என் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை டொக்டர் உன்னோடை வெளியிலை நிண்டு கதைச்சவர்," என்றார். "இண்டைக்கு ஞாயிறு. எத்தினை நாளைக் களவெடுத்தனி?"

விரல்விட்டு எண்ணத் தேவையில்லாத கணக்கு. அவருக்கு இருந்ததே சில வாரம், அதில் ஐந்து நாளை நான் எடுத்துக்கொண்டேன். செருப்பில்லாமல் மலையேறியவன் நான், வேறு யாருக்கும் தெரியாமல் இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அஞ்சு நாள், சிஞ்ஞோரா."

"சத்தத்தை நிப்பாட்டு," என்றார். "முதலாம் ரவுண்டிலையிருந்து சொல்லு."

டிவியை நிறுத்தினேன். அயன்பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு, அவருக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். ஊசியைப் பற்றி, மற்றக் கண்ணைப் பற்றி, சில வாரம் என்பதைப் பற்றி, தனியே இருக்கக்கூடாது என்பதைப் பற்றி. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. அவர் எழுதவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். நடுவில் ஒருமுறை, "சில வாரம் எண்டவரோ, சில மாசம் எண்டவரோ?" என்று கேட்டார். வாரம் என்றேன். தலையை ஆட்டினார்.

பிறகு குனிந்து காலால் செருப்பைத் தேடினார். எடுத்துக் கொடுத்தேன்.

"வெளியிலை வெயிலே?" என்று கேட்டார்.

எழும்பி ஜன்னல் பலகையைத் திறந்து பார்த்தேன். மலைப் பக்கம் கறுத்திருந்தது. வெயில் என்று சொல்ல ஒரு நொடி வாய் உன்னியது.

"இல்லை," என்றேன். "மூட்டமாக் கிடக்கு. ஸ்ஃபெர்ராகவால்லோவிலை மழையும் பெய்யும் போலை."

"நல்லது," என்றார் சிஞ்ஞோரா. "என்ரை மழைக்கோட்டை எடு."